மக்களோடு கலைச் செயல்பாடு: தருமபுரியில் ஒரு பருவம் பாடம் எடுக்கப் போகிறவருக்கு

'விளிம்புநிலை மக்களோடு கலைவழிச் செயல்பாடு' என்று ஒரு விருப்பப் பாடம் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்த் துறையோ ஆங்கிலத் துறையோ சமூகப்பணித் துறையோ, எதுவானாலும் சரி. துறைத் தலைவர் பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்து, "கூத்து, பறை, வீதி நாடகம்னு ஏதாவது செய்யுங்க சார், பசங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லியிருப்பார். பசங்களுக்குப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பருவம் முடிந்ததும் நாம் பஸ் ஏறி வந்துவிடுவோம். நாடகத்தில் பேசிய விஷயத்தோடு அதே தெருவில், அதே மேஸ்திரியிடம், அதே அலுவலகத்தில் காலம் தள்ள வேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து போட்டவைதான்.

காலண்டரை முதலில் விரியுங்கள்

பாடத்திட்டத்தைத் தொடுவதற்கு முன் மூன்று காலண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று கல்லூரியுடையது, இன்னொன்று கூத்துக்காரர்களுடையது, மூன்றாவது கூலி வேலைக்குப் போகிறவர்களுடையது.

மாசி பிறந்துவிட்டால் கூத்துச் செட்டுக்காரர்கள் கையில் தேதி இருக்காது. பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள், அதாவது மகாபாரதக் கதைத் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு, கடைசியில் துரியோதனன் விழுகிற படுகளம், தீமிதி என்று நாள் கணக்கில் போகும். விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதரைக் காலை பத்து மணி வகுப்புக்குக் கூப்பிட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார், வரமாட்டார். செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்கள் பொங்கல் கழிந்து கிளம்பினால் மழை தொடங்கும் சமயத்தில்தான் திரும்பும். ஆக, டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற பருவத்தில் இந்தப் பாடத்தை வைத்தால், சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் இருக்கமாட்டார், சேர்ந்து செய்ய வேண்டியவரும் இருக்கமாட்டார். ஜூலை முதல் நவம்பர் வரையிலான பருவத்தைக் கேட்டு வாங்குங்கள். களப்பணியை ஆகஸ்ட், செப்டம்பரில் முடியுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மண் ரோட்டில் ஒன்றும் நடக்காது.

நேரக் கணக்கும் இப்போதே பேசிவிடவேண்டியது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கணக்குப்படி ஒரு கிரெடிட்டுக்கு வகுப்புரை என்றால் 15 மணி, களப்பணி என்றால் 30 மணி. நான்கு கிரெடிட் பாடத்தை இரண்டு வகுப்புரை, இரண்டு களம் என்று பிரித்தால் மொத்தம் 90 மணி, வாரத்துக்கு ஆறு. அதைத் தினம் ஒரு மணி நேரமாக டைம்டேபிளில் தூவினால் பாடம் செத்தது. ஒரு பிற்பகலைச் சேர்த்தாற்போலக் கேளுங்கள்.

ஒரே ஊர், அதுவும் டவுன் பஸ் போகிற ஊர்

சித்தேரி மலை, வத்தல்மலை, அஞ்செட்டிக் காடு என்று ஆசை விரியும். முதல் பருவத்தில் வேண்டாம். கல்லூரியிலிருந்து டவுன் பஸ் போகிற ஒரே ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். டவுன் பஸ் என்றால் மாணவிகள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, இது ஒரு பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம் கடைசி பஸ். ஊர்க்காரர்கள் வேலை முடித்து, குளித்து, அடுப்பு மூட்டிவிட்டு உட்கார மாலை ஏழு மணி ஆகும். நம் மாணவிகளில் பாதிப் பேர் ஆறு மணிக்குள் வீட்டிலோ விடுதியிலோ இருந்தாக வேண்டும். இதைச் சரிக்கட்ட ஞாயிற்றுக்கிழமை ஒரு வழி. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன ஆண்களில் சிலரும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். இன்னொரு வழி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏழு நாள் சிறப்பு முகாம். முகாம் நடத்தும் அலுவலரிடம் முன்கூட்டியே பேசி, அவர் தத்தெடுத்த கிராமத்தையே நீங்களும் எடுத்துக்கொண்டால், இரவு தங்குவதற்கான அனுமதி, சாப்பாடு, பெண் ஆசிரியர் துணை எல்லாம் ஒரே கடிதத்தில் முடிந்துவிடும்.

நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் போய் மதியம் கூட்டம் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். போடாதீர்கள். செய்த வேலையின் அளவு குறைந்து கூலி குறைந்தால் பேச்சு அவர்களுக்குத்தான் வரும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லூரி என்றால் மொழியையும் பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் ஓடும். நீங்கள் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும், ஆனால் சண்டையும் சிரிப்பும் வேறு மொழியில் நடந்துகொண்டிருக்கும். அந்த மொழி பேசுகிற மாணவர் குழுவுக்கு ஒருவராவது இருக்கட்டும். அவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் வைத்துக்கொள்ளாமல் குழுவை நடத்தச் சொல்லுங்கள்.

சமூகம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது

பெருநகரப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட பாடத்திட்டங்கள், மாணவர் ஓரிடத்திலும் 'சமூகம்' வேறோரிடத்திலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் அரசு கலைக் கல்லூரிகளில் அப்படிக் கிடையாது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர், சூளையில் பிறந்து வளர்ந்தவர், மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிப்பவர், அவருடைய பக்கத்திலேயே அவர் அப்பா கூலிக்குப் போகிற தோட்டத்து முதலாளியின் பையன், எல்லாரும் ஒரே வகுப்பில்தான்.

அதனால் முதல் இரண்டு வாரம் வெளியே போகவே வேண்டாம். தொடக்கப் பயிற்சியாக வரைபடம் போடச் சொல்லுங்கள். நான்கு நான்கு பேராக ஒரு சார்ட் பேப்பர். தெரிந்த ஓர் ஊரை வரைய வேண்டும்: ஊர், காலனி, சுற்றியிருக்கிற கொட்டாய்கள் (வயல்வெளிச் சிறு குடியிருப்புகள்), ஏரி, ரேஷன் கடை, டீக்கடை, பஸ் நிறுத்தம், மாரியம்மன் கோயில், சுடுகாடு, சுடுகாட்டுப் பாதை. பிறகு மூன்று கோடுகள். சாமி ஊர்வலம் போகிற வழி சிவப்பில், பிணம் போகிற வழி கறுப்பில், கூத்து நடக்கிற இடமும் கூட்டம் உட்காருகிற இடமும் பச்சையில். அரை மணி நேரத்தில் பேச்சு சன்னமாகிவிடும். சிவப்புக் கோடு ஒரு தெரு முனையோடு திரும்பிவிடும், கறுப்பு இரண்டாகப் பிரியும். நீங்கள் சாதி என்ற வார்த்தையை எடுக்கவே வேண்டியதில்லை, தாளிலேயே கிடக்கும்.

ஒரே நிபந்தனை: அவரவர் வீட்டைக் குறிக்கச் சொல்லக் கூடாது. தான் எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. "உன் அனுபவத்தைச் சொல்லும்மா" என்று எல்லார் முன்னாலும் கேட்கிற ஆசிரியரைவிட, கேட்காமல் விடுகிறவரிடம்தான் பிறகு வந்து சொல்வார்கள்.

இந்த மாவட்டத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2012 நவம்பர் 7-இல் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் ஒரு கலப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து எரிக்கப்பட்டன. இன்றைக்கு உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது சின்னக் குழந்தைகள். ஆனால் வீட்டுப் பேச்சில் அது வளர்ந்திருக்கிறது, இரண்டு விதமாக. காதல், கலப்புத் திருமணம் என்ற கருவை மாணவர்களே ஆர்வமாக எடுத்துக்கொண்டு வருவார்கள். வகுப்புக்குள் தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும். தெருவுக்குக் கொண்டுபோவதை முதல் பருவத்தில் நான் அனுமதிக்கமாட்டேன். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாத்தியாருக்கு வாத்தியார் மரியாதை

கூத்துச் செட்டை நடத்துகிறவரை ஊரில் வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்லூரிக்குள் வந்ததும் அவர் 'நாட்டுப்புறக் கலைஞர்' ஆகிவிடுகிறார், ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ, டீ, பிஸ்கட். இந்தப் பழக்கத்தை உங்கள் பாடத்தில் விடுங்கள். வேறு கல்லூரிப் பேராசிரியர் வந்து உரையாற்றினால் என்ன மதிப்பூதியமோ அதுவே அவருக்கும். வருகிற ஒவ்வொரு நாளுக்கும் கொடுங்கள். மிருதங்கக்காரர், ஆர்மோனியக்காரர், முகவீணைக்காரர் கூட வந்தால் அவர்களுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். மொத்தமாக வாத்தியார் கையில் கொடுத்தால் பங்கு பிரிப்பது அவர் தலைவலி ஆகிவிடும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாதவருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பதையே மாணவர்களுக்கு ஒரு வார வேலையாக வைக்கலாம். பாடத்தில் இதைவிட உருப்படியான வாரம் அமையுமா என்பது சந்தேகம்.

அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அடவு (ஆட்டத்தின் கால் வைப்பு) மட்டும் என்று நினைக்காதீர்கள். இரண்டாயிரம் பேர் கண் விழித்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை எப்படிப் பிடித்து வைப்பது, தூங்குகிறவனை எந்த இடத்தில் எழுப்புவது, கூத்தில் கதை சொல்லிக் கோமாளித்தனமும் செய்கிற கட்டியக்காரன் ஊர்ப் பெரியவரை எவ்வளவு தூரம் கேலி செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேடையில் பறை அடிப்பது இன்றைக்குப் பெருமையான எதிர்ப்புக் குரல், மாணவர்கள் விரும்பிக் கற்கிறார்கள். அதே ஊரில் சாவு வீட்டுக்கு அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்துவிட்ட குடும்பமும் இருக்கும். அந்த வீட்டுப் பையனைப் பார்த்து, "தம்பி, நீ அடிக்கலாமே" என்று நீங்கள் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். யார் அடிக்க விரும்புகிறார்களோ அவர்கள் அடிக்கட்டும். சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து அழைத்துவரப் பறை வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால், முடியாது என்று சொல்ல ஒரு காரணத்தை முன்னாலேயே தயாராக வைத்திருங்கள்.

படிக்க வேண்டியது கொஞ்சம்

பிரேசில்காரர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கல்விச் சிந்தனையில் ஒரு வாரம், அதே நாட்டு அகஸ்டோ போவால் 1970-களில் உருவாக்கிய, பார்வையாளரும் எழுந்து வந்து நடித்து வழி தேடுகிற ஒடுக்கப்பட்டோர் அரங்கில் ஒரு வாரம், 1985-இல் தொடங்கி, மேற்கு வங்கத்துக் கிராமங்களில் பின்னாளில் இந்த அரங்கைக் கையிலெடுத்த ஜன சன்ஸ்கிருதி அமைப்பு பற்றி ஒரு வகுப்பு, போதும். உள்ளூர் முன்னோடியை விட்டுவிடாதீர்கள்: 1990-களின் இறுதியில், கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டமாகவே இருந்த காலத்தில், பெண் சிசுக்கொலைக்கு எதிராகக் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டிருக்கின்றன. மாணவர்கள் வீட்டில் பாட்டியிடம், அம்மாவிடம் கேட்டு வரட்டும். பார்த்தவர்கள் இருப்பார்கள். என்ன ஞாபகம் இருக்கிறது, எது உறுத்தியது, அரசாங்கம் வந்து புத்தி சொன்னதாகப் பட்டதா, நம்ம வீட்டுக் கதையாகப் பட்டதா? இந்தக் கேள்விகளுக்கு வருகிற பதிலை வைத்து ஒரு முழு வகுப்பு நடத்தலாம்.

நாடகம் கட்டுவது

எதைப் பற்றி என்பதை ஊர்க்காரர்கள் சொல்லட்டும். நீங்கள் குடி ஒழிப்பு என்று நினைத்துக்கொண்டு போவீர்கள், அவர்கள் பஸ் நிற்காமல் போவதைப் பேசுவார்கள். பஸ்ஸையே எடுங்கள்.

ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். பழங்குடிச் சாதிச் சான்று. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற காரியம், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வரை போக வேண்டும். இருளர், குருமன்ஸ், மலையாளி என்று யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். இதைப் பத்து, பன்னிரண்டு நிமிட நாடகமாகக் கட்டுங்கள். பிளஸ் டூ முடித்த பெண், அவள் அப்பா, இ-சேவை மையத்துக்காரர், அலுவலக உதவியாளர், அதிகாரி. ஐந்து பேர் போதும். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு நாற்காலி போதும், அது அதிகாரிக்கு. "உங்கப்பாவுக்குச் சான்று இருக்கா? தாத்தாவுக்கு?" "போயிட்டுத் திங்கக்கெழம வாங்க." மறுபடி வருகிறார்கள், மறுபடி போகிறார்கள். கடைசியில் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடுகிறது. நாடகம் தோல்வியில் முடிய வேண்டும். மாணவர்கள் இங்கே முரண்டு பிடிப்பார்கள், கடைசியில் ஒரு நல்ல கலெக்டரைக் கொண்டுவந்து கையெழுத்துப் போட வைப்பார்கள். விடாதீர்கள். நல்லபடியாக முடிந்த நாடகத்தைப் பார்த்தவர் கை தட்டிவிட்டு எழுந்து போவார்.

முடிந்ததும் கட்டியக்காரன் நடுவில் வந்து, "இப்படியே விட்டுடலாமா? மறுபடியும் முதல்லேருந்து ஆடறோம். எந்த எடத்துல அந்தப் பொண்ணோ அப்பனோ வேற மாதிரி செஞ்சிருக்கலாம்னு தோணுதோ, அங்க நிறுத்துன்னு சொல்லுங்க. சொன்னவங்க வந்து அந்த வேஷத்த வாங்கிக்கணும்" என்று அறிவிக்கிறார். போவால் இந்த ஆளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். நமக்குக் கட்டியக்காரன் இருக்கும்போது புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. ஆடுகிறவர்களோடும் பார்க்கிறவர்களோடும் ஒரே மூச்சில் பேச அவனுக்குத்தான் உரிமை உண்டு.

முதல் ஐந்து நிமிடம் யாரும் எழமாட்டார்கள். கட்டியக்காரன் பொறுக்க வேண்டும். பிறகு ஒரு பையன் வந்து அதிகாரியைத் திட்டுவான், கூட்டம் விசிலடிக்கும், உதவியாளர் அவனை வெளியே தள்ளுவார். அடுத்து ஒரு பெரியவர் வந்து, "எங்க அண்ணன் மவனுக்குக் குடுத்திருக்கீங்களே, அது வேற ரத்தமா?" என்று கேட்டு, இல்லாத காகிதத்தை மேசைமேல் வைப்பார். அப்புறம் ஓர் அக்கா எழுந்து, கூட்டத்திலிருந்து ஏழெட்டுப் பெண்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலி முன்னால் உட்கார வைப்பார். நாடகத்துக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது அதிகாரி வேஷக்காரர் கையில். இதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். நம் பசங்க வெள்ளை முடிப் பாட்டி ஒருவர் வந்து நின்றால் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நிஜ அதிகாரி எவ்வளவு மசிவாரோ அவ்வளவுதான் மசிய வேண்டும். அதிகாரி வேஷத்தை மட்டும் பார்வையாளர் யாரும் வாங்கக் கூடாது என்பது விதி. அவரை நல்லவராக்கிவிட்டால் பிரச்சினை மாயமாகத் தீர்ந்துவிடும், ஊரில் தீராது.

ஒத்திகையின்போதே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள்: நாம் பஸ் ஏறிய பிறகு யாருக்கு அடி விழும்? சான்று நாடகத்தில் பெரிய ஆபத்தில்லை. கிரானைட் குவாரி முதலாளியோ சூளை மேஸ்திரியோ வருகிற நாடகம் என்றால் முன்பணம் வாங்கியவர் யார், பார்க்கப் போகிறவர்களில் மேஸ்திரியின் ஆள் உண்டா, அடுத்த வாரம் வேலை கிடைக்குமா என்பதெல்லாம் கணக்கில் வரும். அப்படிப்பட்ட கருவை ஊர்க்காரர்களே கேட்டாலும், பெயரும் இடமும் மாற்றி, கதையை மாம்பழக்கூழ் ஆலைக்கோ வேறு எங்காவதோ நகர்த்திவிடுங்கள். புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்.

ஊராட்சித் தலைவருக்கும் காவல் நிலையத்துக்கும் கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள். அதில் யார் படம் முதலில் என்பதிலேயே உங்கள் பருவம் முடிந்துவிடும்.

யாராவது வாய் திறந்து சொல்லிவிட்டால்

இது நடக்கும். நாடகம் முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு சிறுமி உங்கள் மாணவியின் காதில், தனக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்பாள். இரண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணம் தெரிந்த கதைதான். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால், தெரிவிக்க வேண்டியது போக்சோ சட்டப்படி நம் கடமை, விருப்பமல்ல. மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: யாருக்கும் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதே, கேட்டதை உடனே என்னிடம் சொல், குழுவில் பேசாதே, வாட்ஸாப்பில் போடாதே. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இரண்டு எண்களும் ஒவ்வொருவர் நோட்டிலும் இருக்கட்டும்.

போட்டோவுக்கும் இதே கறார். ஒத்திகைக்குப் படம் எடுக்கலாம், நிகழ்வின்போது ஒரே ஒரு கேமரா, முகம் தெரிந்தால் அவரிடம் காட்டிக் கேட்டபிறகுதான் வெளியே. "சரி தம்பி" என்பது இங்கே பல சமயம் மரியாதைக்குச் சொல்வது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.

வாச்சாத்தி

அரூரிலோ தருமபுரியிலோ இந்தப் பாடம் நடந்தால், யாராவது ஒரு மாணவர் வாச்சாத்திக்குப் போய் ஆவணப்படம் எடுக்கலாம் என்பார். 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்து செய்த கொடுமை, பதினெட்டுப் பெண்கள்மீது நடந்த பாலியல் வன்கொடுமை, 2011 செப்டம்பர் 29-இல் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதே செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, இவ்வளவும் மாணவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்டுகளும் அத்தனை வருடம் வழக்கை எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்பது செயல்பாட்டுப் பாடம் எதற்கும் நல்ல அடிப்படை.

ஆனால் அந்தப் பெண்களிடம் போய் மறுபடியும் சொல்லச் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பையும் பத்திரிகைச் செய்திகளையும் வகுப்பில் படியுங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் (முன்பு தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72) என்பதையும் அந்த வகுப்பிலேயே சொல்லிவிடலாம்.

மதிப்பெண்

சேலம் பெரியார் பல்கலைக்கழக வட்டாரத்தில் பழகிய, உள்மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற பிரிப்பில் இந்தப் பாடத்தை எழுத்துத் தேர்வாக வைத்தால், போவால் பற்றிய குறிப்பை மனப்பாடம் செய்தவர் முதல் மதிப்பெண் வாங்குவார். பாடத்திட்டக் குழுவில் செய்முறைப் பாடமாக மாற்றப் பாருங்கள். நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். கள நோட்டுக்குப் போடுங்கள். அதில் நான் தேடுவது ஒன்று: மாணவர் போவதற்கு முன் நினைத்தது என்ன, ஊர்க்காரர் அதை எந்த இடத்தில் மறுத்தார். மறுப்பே இல்லாத நோட்டு, உட்கார்ந்த இடத்தில் எழுதியது. நோட்டில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மாற்றி எழுத வேண்டும், வெளித்தேர்வாளர் கைக்குப் போகுமே.

ஊர்க்காரர்களையும் மதிப்பெண் போடச் சொல்லலாம் என்று சில வழிகாட்டிகளில் இருக்கும். கேட்டுப் பாருங்கள், "புள்ளைங்க எல்லாருக்கும் நூத்துக்கு நூறு போடுங்க சார், நல்லா இருக்கட்டும்" என்பார்கள்.

கடைசி மூன்று வாரம்

கல்லூரியில் விழா வைத்து நாடகத்தை மறுபடி போடச் சொல்வார்கள். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிறது என்றால் கட்டாயம் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் வர விரும்பினால் வரட்டும், வண்டி வாடகை, அன்றைய கூலி இரண்டையும் கல்லூரி கொடுக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் அவர்கள் கதையை ஏசி அரங்கத்தில் ஆடுவதாக இருந்தால் தவிர்த்துவிடலாம்.

நாடகத்தின்போது எழுந்து வந்தவர்கள் சொன்ன வழிகளையெல்லாம் ஒரு தாளில் தெளிவாக எழுதி, இரண்டு படி எடுத்து, ஊரில் அவர்கள் சொல்கிற ஆளிடம் கொடுங்கள். சான்று விஷயத்தில் நிஜமாகவே மனு கொடுக்கிறோம் என்று அவர்கள் முடிவெடுத்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு மனு எழுதிக் கொடுப்பதோடு மாணவர்கள் நின்றுகொள்ளட்டும். கூடப் போவதா என்பதை அவர்கள் கூப்பிட்டால் பார்க்கலாம். அடுத்த பருவமும் அதே ஊருக்குப் போங்கள். புது ஊர் தேடுவது நமக்குத்தான் சுவாரசியம்.

வாத்தியார், வாத்தியக்காரர்களுக்கான மதிப்பூதிய பில்லைப் பருவம் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். ஆதார், வங்கிப் புத்தக நகல், வருவாய் முத்திரை ஒட்டிய ரசீது மூன்றையும் முதல் வகுப்பன்றே வாங்கி வைத்தால் இழுபறி இருக்காது. மார்ச் 31 தாண்டினால் அந்த நிதி திரும்பிப் போய்விடும். அப்போது செட்டு ஏதோ ஓர் ஊரில் பாரதத்தில் இருக்கும், கையெழுத்துக்கு நீங்கள்தான் ராத்திரி பஸ் பிடித்துப் போக வேண்டிவரும்.